என்னைப் போன்றவனுக்குமா இரட்சிப்பு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்த பிறகுதான் இந்தக் கேள்விகள் வருகின்றன. சில மஞ்சக்குப்பம் பஸ் நிறுத்தத்தில் வரும், சில இரவு வெகு நேரம் கழித்துத் தொலைபேசியில். கேட்பவர்களில் பாதிப்பேர் "என் நண்பர் ஒருவர் கேட்கச் சொன்னார்" என்றுதான் ஆரம்பிப்பார்கள். எழுதுகிற நான் போதகன் அல்ல. கடலூரில் லுத்தரன் சபையில் வளர்ந்து, புதுச்சேரியில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பெண் எடுத்தவன். வசனங்களைப் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தருகிறேன். பலருக்கும் காதில் பழகியது அதுதான்.

நான் செய்ததைச் சொன்னால் நீங்களே முகத்தைத் திருப்பிக்கொள்வீர்கள். எனக்கும் மன்னிப்பு உண்டா?

உண்டு. நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். அது என் குறை. கடவுளின் மன்னிப்புக்கும் என் முகத்துக்கும் சம்பந்தமில்லை.

நம் ஊரில் கல்யாணம் பேசும்போது என்ன செய்கிறோம்? பெயர் கெட்டுப்போன சித்தப்பாவைப் பற்றி மூச்சு விடமாட்டோம். மத்தேயுவோ தன் சுவிசேஷத்தின் முதல் பக்கத்திலேயே இயேசுவின் வம்சத்தை எழுதும்போது, மறைக்க வேண்டியவர்களைத் தேடிப்பிடித்துச் சேர்த்திருக்கிறார். மாமனாரை ஏமாற்றிக் கருவுற்ற தாமார் இருக்கிறாள். எரிகோவின் வேசி ராகாப் இருக்கிறாள். தாவீது அபகரித்த பெண்ணைச் சொல்லும்போது, "உரியாவின் மனைவி" என்று கொலையுண்டவனின் பெயரையும் சேர்த்தே சொல்கிறார். ஆபிரகாமையும் தாவீதையும் மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம், அவர் போகவில்லை.

பவுலை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்தேவானைக் கல்லெறிந்து கொன்றவர்களின் வஸ்திரங்களுக்குக் காவல் நின்றவர். வீடு வீடாய் நுழைந்து ஆண்களையும் பெண்களையும் இழுத்துக்கொண்டு போய்ச் சிறையில் போட்டவர். அவர்தான் வயதான காலத்தில், "பாவிகளை இரட்சிக்க கிறிஸ்து இயேசு உலகத்தில் வந்தார்" என்று எழுதிவிட்டு, "அவர்களில் பிரதான பாவி நான்" என்று முடிக்கிறார். முதலிடம் ஏற்கெனவே போய்விட்டது. உங்களுக்கு அடுத்த இடம்தான் கிடைக்கும்.

முதலில் திருந்திவிட்டு, பிறகு கோவிலுக்கு வரலாம் என்று இருக்கிறேன்.

இப்படிச் சொன்னவர்களில் திருந்தி வந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. சகேயு கதையில் வரிசை எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அவன் ஆயக்காரன், அதாவது வரி வசூலிக்கிறவன், ஊரார் வயிற்றில் அடித்துப் பணம் சேர்த்தவன். "நீ வாங்கியதைத் திருப்பிக் கொடு, அப்புறம் உன் வீட்டுக்கு வருகிறேன்" என்று இயேசு சொல்லவில்லை. "சீக்கிரமாய் இறங்கிவா, இன்றைக்கு நான் உன் வீட்டிலே தங்கவேண்டும்" என்கிறார். ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு என்ற பேச்சு அதற்குப் பிறகுதான் அவன் வாயிலிருந்து வருகிறது.

இரட்சிப்பு விசுவாசத்தால் என்கிறார்கள் சிலர்; நற்செயல் வேண்டும் என்கிறார்கள் சிலர். எது சரி?

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நடக்கும் சண்டை இது. 1517இல் மார்ட்டின் லுத்தர் தொடங்கிய சண்டையும் இதுதான். 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலக மன்றமும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. நம் தகுதியைப் பார்த்து அல்ல, கிருபையினாலே மட்டும், கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில் கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார். தூய ஆவியைத் தந்து, நற்செயல்களுக்கு நம்மைத் தகுதியாக்குகிறார் என்பது அதன் சாரம். 2006இல் மெதடிஸ்டுகளும் சேர்ந்துகொண்டார்கள். எல்லா வேறுபாடும் தீர்ந்துவிட்டது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், "நான் லாயக்கில்லாதவன்" என்று வாசலில் நிற்கிறவருக்குச் சொல்ல வேண்டிய பதில் இரண்டு பக்கமும் ஒன்றுதான். புதுச்சேரியில் கத்தோலிக்கரின் சம்பா கோவிலுக்குப் போனாலும், கடலூரில் ஆற்காடு லுத்தரன் ஆலயத்துக்குப் போனாலும், "தகுதிச் சான்றிதழ் எங்கே?" என்று கேட்க யாருக்கும் உரிமை இல்லை.

விடுதலை ஜெபத்துக்கு ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

ஒரு ரூபாய்கூட வேண்டாம். பரிசுத்த ஆவியின் வரத்தை விலைக்கு வாங்க வந்த மாயவித்தைக்காரன் சீமோனுக்குப் பேதுரு சொன்ன பதில், "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது." வாங்க வந்தவனுக்கே இந்தப் பேச்சு என்றால், விற்கிறவருக்கு என்னவாக இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

திருவிருந்து (ஆலயத்தில் அப்பமும் திராட்சரசமும்) எடுக்கப் பயமாக இருக்கிறது. "அபாத்திரமாய்" (தகுதியில்லாமல்) புசிக்கிறவன் ஆக்கினைத்தீர்ப்பு அடைவான் என்று இருக்கிறதே?

இந்த ஒரு வசனத்தால் ஆண்டுக்கணக்கில் பந்தியைத் தொடாதவர்களை எனக்குத் தெரியும். கதவை ஒட்டிய கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். காணிக்கைப் பாட்டின் மூன்றாவது சரணம் வரும்போது சத்தமில்லாமல் எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். யாராவது கேட்டால், "அடுப்பில் சோறு வைத்துவிட்டு வந்தேன்" என்பார்கள்.

வசனத்தை அதன் இடத்தில் வைத்துப் படியுங்கள். முதலாம் கொரிந்தியர் 11ஆம் அதிகாரம். கொரிந்துவில் சபையார் சேர்ந்து சாப்பிட்டார்கள். வசதி உள்ளவர்கள் முந்திக்கொண்டு தின்று தீர்த்தார்கள். "ஒருவன் பசியாயிருக்கிறான், ஒருவன் வெறியாயிருக்கிறான்" என்கிறார் பவுல் (வெறி என்றால் இங்கே குடிவெறி). "இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா?" என்று கேட்கிறார். அவர் கோபம் பந்தியில் வஞ்சனை செய்தவர்கள்மேல். தன் பாவத்தை நினைத்து அழுதுகொண்டு கடைசியில் நிற்கும் ஏழையை அவர் விரட்டவில்லை. அவனை விரட்டுகிறவர்களைத்தான் கண்டிக்கிறார். தன்னைச் சோதித்தறிய வேண்டும் என்றும் சொல்கிறார், உண்மை. ஆனால் அதன் பின் வருவது "இந்த அப்பத்தில் புசித்து" என்பதுதான். எழுந்து வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை.

அபாத்திரமாய்ப் பந்தி வைப்பது என்றால் என்ன என்பதற்கு நமக்குக் கொரிந்து வரை போக வேண்டாம். 1745ஆம் ஆண்டில் புதுச்சேரிச் சம்பா கோவிலுக்குள் தலித் கிறிஸ்தவர்களைத் தனியே பிரிக்க ஒரு சுவர் இருந்தது. அவர்கள் பாதிரியாரிடம் முறையிட்டு, சுவர் இடிக்கப்பட்டது. ஆனந்தரங்கப் பிள்ளை தம் நாட்குறிப்பில் இதை எழுதிவைத்திருக்கிறார். 1761இல் ஆங்கிலேயர் நகரத்தை இடித்தபோது அந்தக் கோவிலே போயிற்று. இப்போது இருப்பது 1791இல் எழுந்தது. சாதிக்கொரு கல்லறைத் தோட்டம் இன்னும் பல ஊர்களில் போகவில்லை. "நான் தகுதியற்றவன்" என்று ஒருவர் சொல்லும்போது, அது அவர் மனசாட்சி சொன்னதா, ஊர் சொல்லிக்கொடுத்ததா என்று நான் முதலில் கேட்பது இதனால்தான். மனசாட்சி சொன்னது என்றால் மன்னிப்பு இருக்கிறது. ஊர் சொல்லிக்கொடுத்தது என்றால், மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் வேறு ஆட்கள்.

எத்தனை முறை ஜெபித்தாலும் மறுபடி குடித்துவிடுகிறேன். அப்படியென்றால் நான் இரட்சிக்கப்படவே இல்லையா?

கடலூரில் இருந்து புதுச்சேரிக்கு 25 கிலோமீட்டருக்குள்தான். முள்ளோடையில் எல்லை தாண்டியதும் மதுக்கடைகளின் வரிசை. சனிக்கிழமை மாலை அந்த வழியாகப் பஸ்ஸில் உட்கார்ந்து வருகிறவனுக்கு, உபதேசம் செய்கிறவர்களுக்குத் தெரியாத ஒரு வேதனை தெரியும். ஜன்னல் பக்கம் பார்க்கக் கூடாது என்று தலையைக் குனிந்துகொள்வான். பிரேக் போட்டதும் எந்த நிறுத்தம் என்று கால்களுக்குத் தெரிந்துவிடும்.

"நான் விரும்புகிற நன்மையைச் செய்யாமல், விரும்பாத தீமையையே செய்கிறேன்" என்று எழுதியவர் குடிகாரர் அல்ல, அப்போஸ்தலர் பவுல். அவர் தம் பழைய நாட்களைச் சொன்னாரா, விசுவாசியான பின் நடந்ததைச் சொன்னாரா என்று அறிஞர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். விசுவாசியான பின் என்றே லுத்தர் எடுத்துக்கொண்டார். ஒரே மனிதன் ஒரே நேரத்தில் நீதிமானாகவும் பாவியாகவும் இருக்கிறான் என்று அதிலிருந்து போதித்தார். விழுந்ததால் நீங்கள் பிள்ளை இல்லை என்று ஆகிவிடாது. அதற்காக, விழுந்து கிடப்பதே வீடு என்றும் ஆகாது. "பாவம் உங்களை மேற்கொள்ளமாட்டாது" என்பதும் அதே ரோமர் நிருபத்தில்தான் இருக்கிறது.

நிலையான விடுதலை பலருக்கு ஒரே நாளில் வருவதில்லை. ஜான் நியூட்டன் என்ற ஆங்கிலேய மாலுமி 1748இல் கடலில் புயலில் சிக்கிக் கடவுளை நோக்கிக் கூப்பிட்டார். அந்த நாளையே தம் மனமாற்றத்தின் நாளாகக் கடைசிவரை நினைவுகூர்ந்தார். ஆனால் அதற்குப் பிறகும் 1754 வரை அடிமைகளை ஏற்றிச் செல்லும் கப்பல்களில் போனார், தலைவராகவும் இருந்தார். அதை நிறுத்தியதும் உடல்நலக் குறைவுதான். பின்னர் குருவானவராகி, 1788இல்தான் அந்த வியாபாரத்தின் கொடுமையை வெளிப்படையாக எழுதி வருந்தினார். நாற்பது ஆண்டுகள்! அவர் காத்திருந்த காலத்துக்கு விலை கொடுத்தவர்கள் அடிமைகள் என்பதையும் மறக்கக் கூடாது. ஆகவே "மெதுவாகத்தான் வரும்" என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளலாம், சாக்காக வேண்டாம்.

இனி, பிரசங்கத்தில் சொல்லாதவை. பல ஆண்டுகளாகத் தினமும் குடிக்கிறவர் உபவாச ஜெபத்தில் திடீரென்று நிறுத்தினால் கைநடுக்கம், வியர்வை, மனக்குழப்பம் வரும். சிலருக்கு வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். அது பிசாசு அல்ல, உடம்பு. ஜிப்மர் போன்ற அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டி, மருத்துவர் சொல்லும்படி நிறுத்துங்கள். மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், அவர் கண்ணாடி போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களைப் பற்றியும் விசாரியுங்கள். 1935இல் அமெரிக்காவில் தொடங்கியது; தமிழிலும் நடக்கிறது; கட்டணம் கிடையாது. "மதுவின் முன் நாங்கள் சக்தியற்றவர்கள்" என்று ஒப்புக்கொள்வதுதான் அங்கே முதல் படி. இயேசு சொன்ன உவமையில் ஓர் ஆயக்காரன் மார்பில் அடித்துக்கொண்டு சொன்ன ஜெபத்துக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. சனிக்கிழமை பஸ்ஸில் தனியாக வராதீர்கள்.

என் கணவர் "கர்த்தர் என்னை மன்னித்துவிட்டார், நீ ஏன் மன்னிக்கவில்லை?" என்று கேட்கிறார். அடிப்பது நிற்கவில்லை.

அவர் கேட்பது மன்னிப்பு அல்ல, அனுமதி. "மனந்திரும்புதலுக்கு ஏற்ற கனிகளைக் கொடுங்கள்" என்றான் யோவான் ஸ்நானன். கனி வெளியில் தெரிய வேண்டிய ஒன்று. அடி நிற்காதவரை மனந்திரும்புதல் நடக்கவில்லை. நீங்கள் மனதில் கசப்பை விட்டுவிடுவது வேறு, அடிக்கிற கைக்குள் திரும்பிப் போவது வேறு. முதலாவதைக் கடவுள் உங்களிடம் காலப்போக்கில் கேட்கலாம். இரண்டாவதைக் கேட்க எந்தப் போதகருக்கும் உரிமை இல்லை. 181 பெண்கள் உதவி எண். அழைப்பதால் உங்கள் விசுவாசம் குறையாது.

சீட்டுப் பணத்தை எடுத்துச் செலவு செய்துவிட்டேன். கடவுளிடம் அறிக்கையிட்டால் போதாதா?

கடவுளிடம் போதும். சீட்டு கட்டிய மீன்காரம்மாவிடம் போதாது. சகேயு நாலத்தனையாகத் திருப்பிக் கொடுத்தான். உங்களால் முடியாது என்றால், ஒரு தாளில் பெயரும் தொகையும் எழுதி, ஒவ்வொருவரிடமும் போய், மாதம் இவ்வளவு என்று சொல்லுங்கள். அசிங்கமாகத் திட்டுவார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். வழக்கு என்று வந்தாலும் ஓடாதீர்கள். இரட்சிப்புக்கு நீங்கள் செலுத்தும் தவணை அல்ல இது. இரட்சிப்பு முன்பே கிடைத்துவிட்டது, ஆகையால்தான் அந்த வீடுகளின் முன்னால் போய் நிற்க உங்களுக்குத் துணிச்சல் வருகிறது.

என் பாவத்துக்குத் தண்டனையாகத்தான் அலை என் பிள்ளையைக் கொண்டுபோயிற்றா?

இல்லை.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை காலை. தேவனாம்பட்டினத்திலும் கடற்கரை ஊர்களிலும் சுனாமி அலை ஏறியது. சில வாரங்களுக்குள்ளேயே, பாவத்தின் பலன் என்று துண்டுப் பிரசுரம் கொடுக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். இயேசுவிடமே இந்தக் கேள்வி ஒருமுறை வந்தது. சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்திருந்தார்கள். எருசலேமில் குடியிருக்கிற எல்லாரிலும் அவர்கள்தான் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா என்று அவரே கேட்டு, "அப்படியல்ல" என்று அவரே சொன்னார். உங்கள் பிள்ளை உங்கள் கணக்குக்கான தொகை அல்ல. இதற்கு மேல் காரணம் சொல்ல வருகிறவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பரம்பரைச் சாபம் என்கிறார்களே?

"குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை." எசேக்கியேல் 18. தகப்பனின் குடிப்பழக்கம் பிள்ளைகளிடம் வருவது உண்டு; அதற்கு வீட்டுச் சூழலும் உடம்பும் காரணம். அதை உடைக்கச் சிறப்புக் கூட்டம் எதுவும் தேவையில்லை.

நான் மன்னிக்கப்படாத பாவம் செய்துவிட்டேனோ?

மாற்கு 3இல் இயேசு அதைச் சொன்னது, அவர் பிசாசுகளைத் துரத்தியதையே "பிசாசின் வேலை" என்று சாதித்த வேதபாரகரிடம். அவர்களுக்கு இந்தக் கேள்வியைக் கேட்கத் தோன்றவே இல்லை. உங்களுக்குத் தோன்றுகிறது.

யாரிடமாவது வாய்விட்டுச் சொல்ல வேண்டுமா? கடவுளிடம் மட்டும் சொன்னால் ஆகாதா?

ஆகும். ஆனால் ரகசியமாக வைத்திருக்கிற பாவம் இருட்டில் கொழுக்கும். "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்கிறார் யாக்கோபு. கத்தோலிக்கருக்குப் பாவசங்கீர்த்தனம் இருக்கிறது. அங்கே கேட்டதை வெளியே சொல்லக் குருவானவருக்கு எந்த நிலையிலும் அனுமதி இல்லை. தனி அறிக்கையை லுத்தரும் ஒழிக்கவில்லை. லுத்தரன்களின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை அதைக் காப்பாற்றி வைக்கிறது. எங்கள் சபைகளில்தான் பழக்கம் விட்டுப்போயிற்று. ஒரே எச்சரிக்கை: "சாட்சி" என்ற பெயரில் மைக் முன்னால் எல்லாவற்றையும் கொட்டாதீர்கள். உங்கள் மனைவியின் மானமும் அதில் கலந்திருக்கிறது. கூட்டம் அல்லேலூயா சொல்லும். திங்கட்கிழமை தெருவே பேசும்.

நான் கிறிஸ்தவன் இல்லை. இன்றே ஞானஸ்நானம் எடுக்க வேண்டுமா?

ஜெபிக்க யார் அனுமதியும் வேண்டாம். சிலுவையில் தொங்கிய கள்ளன் ஞானஸ்நானம் பெறவில்லை. "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்ற வாக்கு அவனுக்குத்தான் கிடைத்தது. ஆனால் ஞானஸ்நானம் ஒரு சடங்கு மட்டும் அல்ல, ஒரு சமூகத்தில் சேருவது. அவசரப்படுத்துகிறவரை நம்பாதீர்கள், மாதக்கணக்கில் படித்து எடுங்கள். ஒன்றை யாரும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள், ஆகவே நான் சொல்கிறேன்: 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி, பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவரானால் அந்தத் தகுதியை இழப்பார். பிள்ளைகளின் சான்றிதழ் வரை அது போகும். தெரிந்தே முடிவெடுங்கள்.

மன்னிப்பு கிடைத்தது என்று புத்திக்குத் தெரிகிறது. மனம் ஏற்கவில்லை. வாழவே பிடிக்கவில்லை.

இந்தக் கேள்வியோடு தனியாக இருக்காதீர்கள். 14416 அரசின் மனநல உதவி எண். இரவிலும் தமிழில் பேசலாம். முதலில் அதை அழையுங்கள், பிறகு இதைப் படியுங்கள்.

பேதுருவும் யூதாசும் ஒரே இரவில் விழுந்தார்கள். பேதுரு இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்தான், யூதாஸ் அவரைக் காட்டிக்கொடுத்தான். யூதாசும் மனஸ்தாபப்பட்டான். முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுபோய், "குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்ததினால் பாவஞ்செய்தேன்" என்று ஆசாரியரிடம் வாய்விட்டே சொன்னான். அவர்கள் சொன்ன பதில், "எங்களுக்கென்ன, அது உன்பாடு." ஆறுதல் சொல்ல வேண்டிய இடத்தில் இருந்தவர்கள் கதவைச் சாத்தினார்கள், அவன் தனியே போனான். பேதுருவோ மற்ற சீஷர்களோடு இருந்தான், அவர்களோடு மீன்பிடிக்கப் போனான். கரையில் கரிநெருப்பு மூட்டி மீன் சுட்டு வைத்துக்கொண்டு இயேசு கூப்பிட்டபோது, கூப்பிடுகிற தூரத்தில் இருந்தான். இருவருக்கும் இருந்த வித்தியாசம் பாவத்தின் அளவில் இல்லை என்றே நான் நினைக்கிறேன். "அது உன்பாடு" என்று யாராவது உங்களிடம் சொல்லியிருந்தால், அவர் எந்த அங்கி போட்டிருந்தாலும், அந்தப் பதில் கடவுளுடையது அல்ல.

எனக்குச் சபை எதுவும் இல்லை. எங்கே போவது, யாரைப் பார்ப்பது?

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த கையோடு போதகரைப் பிடிக்காதீர்கள். சுற்றிலும் பத்துப் பேர் நிற்பார்கள், அவருக்கும் அடுத்த ஆலயத்துக்குப் போக வேண்டியிருக்கும். வாரநாளில் மாலை நேரம் கேட்டு வாங்குங்கள். புதுச்சேரியில் என்றால் மிஷன் வீதியில் சம்பா கோவில், ரயில் நிலையத்துக்கு அருகில் இருதய ஆண்டவர் பசிலிக்கா, அல்லது வில்லியனூர் மாதா கோவில். பங்கு அலுவலகத்தில் பாவசங்கீர்த்தன நேரத்தைக் கேட்டால் சொல்வார்கள், காரணம் கேட்கமாட்டார்கள். கடலூரில் லுத்தரன், தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்கம் எல்லாமே இருக்கின்றன. முதல் ஆள் சரியாகக் காது கொடுக்கவில்லை என்றால் அடுத்த ஆளிடம் போங்கள். பெண்கள் ஒரு துணையோடு போகலாம். தனியறை வேண்டாம், கதவு திறந்திருக்கட்டும் என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

கேப்பர் மலைச் சிறையில் உறவினர் இருக்கிறார், அவரை யாராவது போய்ப் பார்ப்பார்களா என்று கேட்பவர்களும் உண்டு. போதகரிடமோ பங்குத் தந்தையிடமோ சொல்லுங்கள். சிறை ஊழியத்துக்குப் போகிறவர்கள் மூலம் சொல்லி அனுப்புவார்கள். உள்ளே இருப்பவரின் முழுப் பெயரையும் தகப்பன் பெயரையும் எழுதிக் கொடுங்கள்.